நாலு பெற்றோர் உள்ள பெண்

ஜூன் 9

அண்டசராசரமும் அஞ்சி ஒடுங்கும் அக்கா மகள், பத்தாம் வகுப்பின் ஏகபோகப் பேரரசி, மாண்புமிகு மிளகு அவர்களின் திருச்சமூகத்துக்கு,

துறைமுகத்தின் ஆக உயர்ந்த கிரேனில், இடைஞ்சலாக வந்த இரண்டு மேகங்களைக் கையால் ஒதுக்கிவிட்டு, உன் தாய்மாமன் எழுதிக்கொள்வது. நான் நலம். கிரேன் நலம். கிரேன் கூண்டுக்கு வெளியே முட்டையிட்டிருக்கும் புறாவும் நலம். நீ நலமா, உன் மூக்கு நுனி முகப்பரு நலமா என்று அடுத்த தபாலில் தெரிவிக்கவும்.

உங்கள் வீட்டில் நாலு நாள் விருந்தாடிவிட்டு வந்ததிலிருந்து எனக்குக் கழுத்து திரும்பவில்லை. சாப்பாட்டு மேசையில் இந்தப் பக்கம் அக்காவையும் அந்தப் பக்கம் அத்தானையும் மாறி மாறிப் பார்த்ததில் வந்த சுளுக்கு இது. "மிளகு, உங்கப்பாகிட்ட உப்பை இப்படித் தள்ளச் சொல்லு." "மிளகு, கையை நீட்டினா எட்டும்னு உங்கம்மாகிட்ட சொல்லு." உப்பு என்னவோ உன் தட்டுக்கு நேர் எதிரேதான் இருந்தது. உலகப் போர்கள் இரண்டையும் நேரில் பார்த்தவன் நான். இவ்வளவு மரியாதையான போரைக் கண்டதில்லை. கத்தல் கிடையாது, கிண்ணம் பறக்கவில்லை. ஒரே கூரை, ஒரே குழாய், நடுவில் நீ ஒருத்தி தபால்காரி.

"ரெண்டு வருஷமா இப்படித்தான் மாமா, பழகிடுச்சு" என்று பேருந்து நிலையத்தில் சொன்னாயே, அப்போது நான் வேர்க்கடலை புரையேறியதுபோல நடித்தேன். அக்காவைத் தனியாகக் கேட்டால், "பொண்ணு படிப்பு முடியட்டும்டா, அதுவரைக்கும் அப்பா அம்மான்னு ரெண்டு பேரும் வீட்டில இருக்கணும்" என்கிறாள். அத்தானைத் தனியாகக் கேட்டால் அவரும் அதையே, கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில் சொல்கிறார். பேசிக்கொள்ளாமலே இருவரும் ஒத்துப்போகிற ஒரே விஷயம் நீதான்.

ஆகவே, வானத்தில் இருந்து எனக்கு வழங்கப்பட்ட அதிகாரத்தின்படி, இன்று முதல் உன்னை முழு அதிகாரம் பெற்ற தூதராக நியமிக்கிறேன். தொழில் ரகசியம் ஒன்று கேட்டுக்கொள். அரசன் சொன்னதை அப்படியே போய் ஒப்பித்த தூதன் எவனும் கழுத்தோடு திரும்பியதில்லை. "உன் நாட்டை மண்ணோடு மண்ணாக்குவேன்" என்று அரசன் உறுமினால், கெட்டிக்காரத் தூதன் போய், "எங்கள் அரசர் உங்கள் மண்வளத்தைப் பற்றி அன்போடு விசாரித்தார்" என்பான். கொஞ்சம் சர்க்கரை தூவு மிளகே! என்ன ஆகிறது என்று எனக்கு எழுது. போன் வேண்டாம். உங்கள் வீட்டு போன் ஹாலில் இருக்கிறது, ஹால் சுவரெல்லாம் காது.

பாரம் தூக்கியே பிழைக்கும்
உன் மாமன்


ஜூன் 24

அன்புள்ள மாமா,

நான் நலம். முகப்பரு மிகவும் நலம், இப்போது குடும்பத்தோடு இருக்கிறது. புறா குஞ்சு பொரித்துவிட்டதா?

நீங்கள் சொன்னதைச் செய்து பார்த்தேன். சனிக்கிழமை அம்மா ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்ததும், "குளியலறைக் குழாய் ஒழுகுது. ஊருக்கெல்லாம் கண்ணாடி செஞ்சு குடுக்கிற மனுஷனுக்குக் கண்ணு தெரியலையான்னு கேளு" என்றாள். நான் அப்பாவிடம் போய், "கை வலி எப்படி இருக்குன்னு அம்மா கேட்டாங்கப்பா. முடிஞ்சா குழாயைப் பார்க்கணுமாம்" என்றேன்.

அப்பா பேப்பரைக் கீழே வைத்துவிட்டார். "அவளா கேட்டா?"

"ஆமாம்ப்பா."

"எனக்குக் கை வலின்னு அவளுக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க டம்ளரை இடது கையில பிடிக்கிறதைப் பார்த்தாங்களாம்."

பார்த்தது நான்தான் மாமா. லென்ஸ் தேய்த்துத் தேய்த்து அப்பாவுக்கு வலது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. அப்பா ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குழாயிடம் போனார். சீட்டியடித்தார். அவருக்குச் சீட்டியடிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அம்மா எட்டிப்பார்த்து, "என்னடி அதிசயம்?" என்றாள். "நீ களைச்சுப் போய் வர்றியாம், பாவமாம்" என்றேன். அம்மா முகம் கழுவப் போனாள், ரொம்ப நேரம் கழுவினாள்.

எங்கள் பள்ளிக்கு ஆலோசகர் மேடம் ஒருவர் வந்திருக்கிறார். அம்மா மட்டும், அல்லது அப்பா மட்டும் இருக்கிற பிள்ளைகளைப் புதன்கிழமைதோறும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுகிறார். என் தோழி ஒட்டகம் போகிறாள். (உயரம், அதனால் ஒட்டகம்.) அவளுக்கு அம்மா மட்டும்தான். அவளும் அவள் அம்மாவும் ஒரே கட்டிலில் உருண்டு, தலையணையைப் பிடுங்கிச் சண்டை போடுவதை நான் பார்த்திருக்கிறேன். நானும் வரட்டுமா என்று மேடத்திடம் கேட்டேன். அவர் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, "உனக்கு அப்பா அம்மா ரெண்டு பேருமே வீட்டில இருக்காங்களேம்மா. குடுத்து வெச்சவ நீ. போய் விளையாடு" என்றார். சரி என்று வந்துவிட்டேன்.

வேறு ஒன்றும் இல்லை.

உங்கள்
மிளகு


ஜூலை 6

குழாய் வென்ற கோமகளே, தூதர்களுக்கெல்லாம் தூதரே,

இங்கே அனைவரும் நலம். புறா இரண்டு குஞ்சு பொரித்தது. அதில் ஒன்று அச்சு அசல் எங்கள் மேற்பார்வையாளர் மாதிரியே கழுத்தை ஆட்டுகிறது. நீயும் உன் பரு பரம்பரையும் நலமாய் இருக்க வேண்டும்.

உன் கடிதத்தை நான் கூண்டிலிருந்து உரக்க வாசித்ததில் துறைமுகத்தில் நின்ற ஒன்பது கப்பல்கள் சங்கு ஊதின. பத்தாவது கப்பல் கண்ணீர்விட்டு அழுது மூழ்கவே மூழ்கிவிட்டது. கீழே எனக்குச் சைகை காட்டும் மீசைக்கும் வாசித்துக் காட்டினேன். மேலே உட்கார்ந்திருக்கும் எனக்குக் கப்பலின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. மீசை கையை உயர்த்தினால் தூக்குவேன், தாழ்த்தினால் இறக்குவேன். அந்த மீசை முழுக்கதையும் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி, பொய்யின்னு தெரிஞ்சா?" என்றான். "சர்க்கரைன்னு தெரிஞ்சா யாராவது துப்புவாங்களா?" என்றேன். அவன் மீசையைத் தடவிக்கொண்டான். அவன் கற்பனை வறண்டவன், விட்டுத்தள்ளு.

அளவு மட்டும் பார்த்துக்கொள். அத்தான் அக்காவைப் பற்றிக் கவிதை எழுதினார் என்று எதையாவது சொல்லி வைக்காதே. அக்காவுக்கு மாரடைப்பு வந்துவிடும். உங்கள் மேடத்துக்கு என் வாழ்த்தைச் சொல். வீட்டில் தலையை எண்ணத் தெரிந்திருக்கிறது, அந்த மட்டுக்கும் நல்லது.

ஒரு சந்தேகம். உன் கடிதத்தில் "வேறு ஒன்றும் இல்லை" என்பதற்கு மேலே "வயிறு" என்று எழுதி, அதன்மேல் கோடு கோடாக அடித்து, காகிதமே கிழிந்திருக்கிறது. வயிற்றுக்கு என்ன?

விண்ணளக்கும்
மாமன்


ஆகஸ்ட் 1

அன்புள்ள மாமா,

நான் நலம். நீங்கள் நலமா? கடிதம் எழுதத் தாமதம் ஆகிவிட்டது. வயிறு என்பது அறிவியல் பாடம், அந்த ஞாபகத்தில் எழுதிவிட்டேன்.

மாமா, இப்போது எனக்கு நாலு பேர் இருக்கிறார்கள். வீட்டில் இருக்கிற அப்பா ஒருவர், அம்மாவிடம் சொல்வதற்காக நான் செய்த அப்பா ஒருவர். அதேபோல அம்மாவும் இரண்டு. நான் செய்த அம்மா நிறையக் கேள்வி கேட்பாள். தூங்கினாரா, கடையில் கூட்டமா, மழையில் நனைந்தாரா என்று. நான் செய்த அப்பா அதிகம் பேசமாட்டார். ஆனால் அம்மாவின் புதுச் செருப்பைக் கவனிப்பார்.

செய்வது சுலபம், நினைவு வைத்துக்கொள்வதுதான் கஷ்டம். செவ்வாய்க்கிழமை அப்பா, "கை இப்போ தேவலாம், அவ வாங்கிட்டு வந்த தைலம் நல்லா கேக்குதுன்னு உங்கம்மாகிட்ட சொல்லு" என்றார். தைலம் நான் வாங்கியது. அம்மாவிடம் இதைச் சொன்னால், "நான் எப்ப வாங்கினேன்?" என்பாள். அதனால், "உன் இருமல் எப்படி இருக்குன்னு அப்பா கேட்டாரு" என்று மாற்றிச் சொன்னேன். அம்மாவுக்கு நிஜமாகவே இருமல் இருக்கிறதா என்று முதல் நாளே கவனித்து வைத்திருந்தேன். அம்மா அதற்கு, "பரவால்ல, மிளகு ரசம் வெச்சுக் குடிச்சேன்னு சொல்லு" என்றாள். இதை அப்பாவிடம் சொன்னால், "நான் எப்ப இருமலைக் கேட்டேன்?" என்பார். அதனால் அப்பாவுக்கு வேறு ஒன்று செய்ய வேண்டும். பள்ளிக்கு நடந்து போகும்போது யார் யாரிடம் என்ன சொன்னார் என்று ஒப்பித்துக்கொண்டே போவேன். ஒட்டகம், "யாருகூடடி பேசிட்டு வர்றே?" என்று கேட்கிறாள்.

இப்போதெல்லாம் பள்ளி விட்டு நான் வரும் நேரத்துக்கு இருவரும் வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். அப்பா கடையை உதவியாளரிடம் விட்டுவிட்டுச் சீக்கிரமே வந்துவிடுகிறார். முன்பு யாரும் அப்படி இருந்ததில்லை.

மிளகு


ஆகஸ்ட் 12

நாலு பெற்றோர் பெற்ற நற்செல்விக்கு,

நலம். புறாக் குஞ்சுகளுக்கு இறகு முளைத்துவிட்டது. கப்பல்கள் வழக்கம்போல என்னைக் கேட்டுத்தான் புறப்படுகின்றன.

நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்பது ஊர்வழக்கு. ஒரே ஆள் நாலு விதமாகப் பேசுவதை உன்னிடம்தான் காண்கிறேன். நீ பிறந்தபோதே எனக்குத் தெரியும். தொட்டிலில் கிடந்தபடி மருத்துவச்சியைப் பார்த்து, "கைகழுவிட்டுத்தானே தூக்கினே?" என்று கேட்டவள் நீ. நாலு பேர் இருந்தால் சீட்டாடலாம், கேரம் ஆடலாம், கட்டில் நகர்த்தலாம். ஒற்றை அம்மாவும் ஒற்றை அப்பாவும் வைத்துக்கொண்டு ஊரார் திண்டாடும்போது உனக்கு மட்டும் இரட்டை!

ஆனால் மிளகு, உன் எழுத்து ஏன் இப்படி எறும்பு மாதிரி ஆகிவிட்டது? ஜூன் மாதம் ஒரு பக்கத்துக்குப் பதினைந்து வரி எழுதினாய். இப்போது அதே பக்கத்தில் ஒரு ஊரே குடியிருக்கிறது. காகிதம் தட்டுப்பாடு என்றால் சொல், ஒரு கப்பல் காகிதம் இறக்கித் தருகிறேன். அறிவியல் பாடத்தில் வயிறு எத்தனையாவது பாடம்? மீசையின் மகளும் பத்தாவதுதான். அவள் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். அது போன வருஷப் பாடமாம்.

பதில் எழுது.

மாமன்


செப்டம்பர் 5

அன்பு மிளகுக்கு,

நலம். நலமா?

ஒரு மாதத்துக்கு மேலாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நடுவே இங்கே மூன்று புயல் வந்தது, ஒரு திமிங்கிலம் என்னிடம் வழி கேட்டது, மேற்பார்வையாளர் ஒருநாள் சிரித்தார். எதையும் எழுத மனம் வரவில்லை. புறாக்கள் பறந்துவிட்டன. கூண்டுக்கு வெளியே வெறும் குச்சிதான் கிடக்கிறது.

பரீட்சையா? கோபமா? என் நகைச்சுவையில் புளிப்பேறிவிட்டதா? அப்படியென்றால் அதையே எழுது. மீசை தினமும், "கடுதாசி வந்துச்சா?" என்று கேட்கிறான். வரவில்லை என்றால் மேலே என்னைப் பார்க்காமல் சைகை காட்டுகிறான்.

ஒரு வரி போதும்.

மாமன்


செப்டம்பர் 13

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் உடம்பு எப்படி? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை கூண்டிலேயே வேர்க்கடலை கொறித்துக்கொண்டு இருக்கிறாயா?

உன்னிடம் மறைத்த ஒன்றை இப்போது சந்தோஷமாகச் சொல்கிறேன். மே மாதமே வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கு மாற்றல் கேட்டிருந்தேன். மிளகைக் கூட்டிக்கொண்டு தனியாகப் போய்விடலாம் என்று. அவளிடமும் சொல்லியிருந்தேன். "நாம ரெண்டு பேர் மட்டும் போயிடலாமா?" என்று கேட்டதற்கு உடனே தலையாட்டினாள், பாவம். மாற்றலும் கிடைத்துவிட்டது. போன வாரம் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டேன்.

உங்கத்தான் மாறிவிட்டார்டா. நீ வந்துபோன நேரமோ என்னவோ. என் இருமலைக் கவனிக்கிறார். என் புதுச் செருப்பு கடிக்கிறதா என்று கேட்கிறார். இத்தனை வருஷத்தில் நான் செருப்பு போடுகிறேன் என்றே அவருக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். நேராக ஒரு வார்த்தை பேசவில்லைதான். இருக்கட்டும், எதற்கு அவசரம்? மிளகு மூலமாகவே இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. இந்த வீட்டை விட்டுப் போக எனக்கு மனசில்லை இப்போது.

மிளகுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லை. போன மாதம் பள்ளியில் மயங்கி விழுந்துவிட்டாள். காலையில் சாப்பிடாமல் போயிருக்கிறாள். ரத்தம் குறைவு என்று டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்தார். எதற்கும் இருக்கட்டும் என்று நானே எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தேன். நெஞ்சு, எலும்பு எல்லாம் சுத்தமாக இருக்கிறது, ஒன்றும் இல்லை. தலைமுடி கொட்டுகிறது, மேசைக்கு வந்தால் சோற்றை அளைந்துகொண்டு இருக்கிறாள். வயது அப்படி. அப்பா அம்மா ரெண்டு பேரும் இருக்கிற வீட்டுப் பிள்ளை, அவளுக்கு என்ன குறை சொல்லு?

லீவு கிடைத்தால் வா.

உன் அக்கா


செப்டம்பர் 18

மிளகு,

பட்டங்கள் தீர்ந்துவிட்டன. வெறும் மிளகு.

அக்கா எழுதினாள். மயங்கி விழுந்ததையும் எழுதினாள், மாற்றல் வேண்டாம் என்று சொன்னதையும் எழுதினாள். ஒரே கடிதத்தில், இரண்டும் சம்பந்தமில்லாத விஷயம்போல.

எங்கள் வேலையில் ஒரு சட்டம் உண்டு. தூக்கு, இறக்கு, திருப்பு என்று சைகை காட்ட மீசை ஒருவனுக்குத்தான் உரிமை. ஆனால் "நிறுத்து" என்று யார் வேண்டுமானாலும் கை காட்டலாம். டீ கொண்டுவருபவர் காட்டினாலும் நான் நிறுத்தியே ஆகவேண்டும். ஏன் எதற்கு என்று அப்புறம்தான் கேட்க வேண்டும்.

இந்த விளையாட்டை ஆரம்பித்தவன் நான். சர்க்கரை தூவச் சொன்னேன். மூட்டையை உன் தலையில் ஏற்றியிருக்கிறேன் என்று எனக்கு உறைக்கவில்லை.

ஒரே ஒரு கேள்வி. அக்காவுக்கு என்ன வேண்டும், அத்தானுக்கு என்ன வேண்டும் என்று எழுதாதே. உனக்கு என்ன வேண்டும்?

மாமா


செப்டம்பர் 26

மாமா,

நான் நலம் என்று எழுதிவிட்டேன், அழிக்க முடியவில்லை, இது பேனா மை. அப்படியே இருக்கட்டும்.

உங்கள் கேள்வியை வகுப்பில் ஆசிரியரும் கேட்டார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தேனாம். "என்ன வேணும் உனக்கு?" என்று கேட்டார். நான், "யார்கிட்ட சொல்லணும் சார்?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஒட்டகம் மட்டும் சிரிக்கவில்லை.

மே மாதம் அம்மா போகலாம் என்று கேட்டபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. எந்தப் புத்தகத்தை எந்தப் பையில் வைப்பது என்றுகூட யோசித்தேன். அப்பாவை நினைத்து அழுதேன், ஆனாலும் சந்தோஷமாக இருந்தது. போவதற்கு முன்னால் இரண்டு பேரும் கொஞ்சம் நல்லபடியாக இருக்கட்டும் என்றுதான் உங்கள் விளையாட்டை ஆரம்பித்தேன். விடைபெறும்போது நல்ல வார்த்தை சொல்வார்களே, அது மாதிரி. அதனாலேயே போகாமல் போய்விடும் என்று நினைக்கவில்லை.

போன ஞாயிறு அம்மா கண்ணாடி முன்னால் நின்று, "உங்கப்பா இந்தப் புடவையைப் பத்தி ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை அம்மா என்று சொல்லிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அம்மா முகத்தைப் பார்த்தேன். நல்ல நிறம் என்று சொன்னார் என்றேன். அப்புறம் வாந்தி எடுத்தேன். சாப்பிட உட்கார்ந்தாலே இரண்டு பக்கமும் என் வாயைப் பார்க்கிறார்கள் மாமா, எப்படி விழுங்குவது?

அவர்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள். தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். சொன்னால் அம்மாவுக்கு அந்தச் செருப்புகூட மிஞ்சாது.

என்ன வேண்டும் என்று கேட்டீர்கள். தெரியவில்லை. யோசித்தால் அவர்கள் குரலில்தான் வருகிறது.

மிளகு


செப்டம்பர் 30

அக்கா,

தம்பி எழுதுவது. இதை ஆஸ்பத்திரி முகவரிக்கு அனுப்புகிறேன், அங்கேயே வைத்துப் படி. நேரில் வந்து சொல்லியிருக்கலாம். வந்தால் வழியெல்லாம் உன்னைச் சிரிக்கவைக்க என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே வந்து, கடைசியில் அதை மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவேன். என்னை உனக்குத் தெரியும்.

அத்தான் உன் இருமலைப் பற்றிக் கேட்கவில்லை அக்கா. மிளகு கேட்டாள். செருப்பைப் பார்த்தது மிளகு. நீ களைத்துப்போய் வருகிறாய் என்று பாவப்பட்டது மிளகு. அத்தானின் கையைப் பற்றி நீயும் விசாரிக்கவில்லை. தைலம் வாங்கிக் கொடுத்தது அவள். இந்த நாலு மாதத்தில் அந்த வீட்டில் யாரும் யாரிடமும் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. சொன்னதெல்லாம் பதினைந்து வயதுப் பெண். அப்படிச் சொல்லச் சொன்னவன் நான்.

நீ எடுத்த படத்தில் தெரியாததை எழுதுகிறேன். அவள் சாப்பிடாமல் இருப்பது வயதினால் அல்ல. அந்த மேசையில் உட்கார்ந்தால் அவள் வாய் உங்கள் இருவருக்கும்தான் வேலை செய்கிறது. சோற்றுக்கு இடமில்லை. நீங்கள் பிள்ளைக்காகச் சேர்ந்திருக்கிறீர்கள் என்கிறீர்கள். உங்களைச் சேர்த்து வைத்திருப்பது பிள்ளை. அது அவளால் முடியவில்லை.

சொல்லவேண்டாம் என்று அவள் என்னைக் கெஞ்சிக் கேட்டாள். நான் சொல்லிவிட்டேன். அவள் என்னை வெறுக்கட்டும். சாப்பிட்டுவிட்டு, தெம்பாக வெறுக்கட்டும்.

அவளைத் திட்டாதே. திட்டுவதென்றால் ஆள் இங்கே இருக்கிறேன்.

தம்பி


அக்டோபர் 16

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. எக்ஸ்ரே அறையின் இருட்டில், சிவப்பு விளக்கின் கீழே வைத்துப் படித்தேன். வெளியே ஆட்கள் வரிசையில் நின்று கதவைத் தட்டிக்கொண்டு இருந்தார்கள்.

வீட்டுக்குப் போய் நேராக உங்கத்தானிடம் கேட்டேன். "என் இருமலைப் பத்தி எப்பவாவது கேட்டீங்களா?" அவர் முதலில் மிளகைத்தான் பார்த்தார். "அவ ஏதோ நல்லது நினைச்சு" என்று ஆரம்பித்தார். பிறகு, "நீ என் கையைப் பத்திக் கேட்டியா?" என்றார். இல்லை என்றேன். ரெண்டு வருஷத்துக்குப் பிறகு நாங்கள் நேருக்கு நேர் பேசினது இதுதான். அதற்கப்புறம் ரெண்டு வருஷத்தையும் சேர்த்து வைத்துப் பேசினோம். பக்கத்து வீடு, எதிர் வீடு எல்லாம் கேட்டது. மிளகு நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து போகச் சொல்ல எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. கடைசியில் பார்த்தால் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு இருந்தாள். என்ன சொல்கிறாள் என்று குனிந்து கேட்டேன். நாங்கள் கத்தினதையெல்லாம் நல்ல வார்த்தையாக மாற்றிச் சொல்லிக்கொண்டு இருந்தாள்டா.

உங்கத்தான் கடைக்கு மேலே உள்ள அறைக்குப் போய்விட்டார். மாற்றல் வேறு யாருக்கோ போய்விட்டது. இதே வீடு, இதே மேசை, நானும் அவளும்.

அவள் யாரிடமும் பேசுவதில்லை. எழுதிக் காட்டுகிறாள். நீ சொன்னது சரியாகவே இருக்கட்டும். எனக்கு அந்தச் செருப்பு ஒன்றையாவது விட்டுவைத்திருக்கலாம் நீ.

அவளுக்கு நீ எழுத வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பதில் எதிர்பார்க்காதே.

அக்கா


டிசம்பர் 2

மாமா,

நீங்கள் அனுப்பிய மூன்று கடிதங்களும் வந்தன. பிரிக்கவில்லை. மேலே பெயர் எழுதியிருந்த விதத்திலேயே உள்ளே சிரிக்கவைக்க முயற்சி செய்திருப்பீர்கள் என்று தெரிந்தது. இப்போது முடியாது. அப்புறம் படிப்பேன் என்று நினைக்கிறேன்.

உங்கள்மேல் கோபம் இருக்கிறது. சொல்லாதீர்கள் என்று எழுதியிருந்தேன். சொல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் தெரியும். இரண்டும் சேர்ந்து இருக்கிறது, ஒன்று போனால்தான் மற்றது என்று இல்லை.

பேச ஆரம்பித்து இரண்டு வாரம் ஆகிறது. முதலில் ஒட்டகத்திடம் பேசினேன். "ரப்பர் குடு" என்றேன். அவள் ரப்பரைக் கொடுத்துவிட்டு அழுதாள், லூசு.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பார்க்கக் கடைக்குப் போகிறேன். மேல் அறையில் ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், ஜன்னலில் காயப்போட்ட ஒரே ஒரு சட்டை. அப்பா எனக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு, "அம்மா ஏதாவது சொன்னாளா?" என்று கேட்டார். போன வாரமும் கேட்டார். "எனக்குத் தெரியாதுப்பா" என்றேன். அவர் கீழே போய் லென்ஸ் தேய்க்கிற மெஷினைப் போட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. டீ ஆறும்வரை அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதையாவது சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

அம்மாவுக்கும் எனக்கும் மேசையில் பேச ஒன்றும் இருப்பதில்லை. ஸ்பூன் சத்தம்தான். அம்மா இரண்டு சுற்று இளைத்துவிட்டாள். என்மேல் கோபமா, வருத்தமா என்று தெரியவில்லை, கேட்கவும் இல்லை. நேற்று அம்மா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவள், பாதி வழியில் நின்று, "நல்லாயிருக்கியாடி?" என்று கேட்டாள்.

உங்கப்பாகிட்ட கேளு என்று சொல்லவில்லை. உங்கப்பா எப்படி என்றும் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டாள். யாரிடமும் எடுத்துக்கொண்டு போகத் தேவையில்லாத கேள்வி. பதிலை எங்கே தேடுவது என்று தெரியாமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அம்மா தட்டோடு அங்கேயே நின்றாள், போகவில்லை.

"இல்லைம்மா" என்றேன்.

மிளகு